தங்கையின் ஃபோல்டர்

தைத்துப் போடுகிற சட்டைக்கு முன்னால் காகிதத்தில் ஒரு சட்டை உண்டு. முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று அதைத் துண்டுதுண்டாக வரைந்து கொடுப்பவரை கார்மெண்ட் கம்பெனிகளில் பேட்டர்ன் மாஸ்டர் என்பார்கள். அந்த வேலை செய்கிற ஆண்களையெல்லாம் வாய் நிறைய மாஸ்டர் என்று கூப்பிட்டவர்கள் இவளை மட்டும் பேட்டர்ன் அக்கா என்றார்கள். போகப்போக பேட்டர்னும் தேய்ந்து வெறும் அக்கா ஆகிவிட்டாள். அவளைவிட மூத்த சூப்பர்வைசர்கூட, “அக்கா இருக்காங்களா?” என்றுதான் போனில் கேட்பார்.

உண்மையில் அவளை அக்கா என்று கூப்பிடப் பாத்தியதை உள்ளவள் ஒருத்திதான். அவள் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்துதான் தொழிலைத் தொடங்கினார்கள். மாடி வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். நடுவில் பெரிய மேசை, சுவரோரம் கம்ப்யூட்டர், ஜன்னலுக்குக் கீழே பிளாட்டர். கட்டில் அகலத்துக்குக் காகிதச் சுருளை விழுங்கிக்கொண்டு, கம்ப்யூட்டர் சொன்ன கோடுகளை அப்படியே போட்டுத் துப்புகிற மெஷின் அது. அக்கா கையால் வரைவாள். தங்கை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு அளவில் இருப்பதைக் குழந்தை முதல் குண்டானவர் வரை எல்லா அளவுக்கும் கூட்டிக் குறைப்பாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதில் பெரிய தியாகக் கதை எதுவும் கிடையாது. வந்த வரன்களை அவளுக்குப் பிடிக்கவில்லை, வரன்களுக்கும் அவளைப் பிடிக்கவில்லை, கணக்கு நேராகிவிட்டது. தங்கையும் தனக்கென்று யாரையும் கொண்டுவந்து நிறுத்தவில்லை, அக்காவும் துருவவில்லை. இரண்டு பேருக்கும் வேலை இருந்தது, பேச்சு இருந்தது, சண்டை இருந்தது. வேறென்ன வேண்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கைக்கு வேறு என்னவோ வேண்டியிருந்தது. அது அக்காவுக்கு மூன்றாம் மனுஷர் வாயால் தெரிந்தது. அவர்களுக்கு அதிகமாக வேலை கொடுக்கிற கம்பெனியின் மேனேஜர் ஒருநாள் போனில், “உங்க தங்கச்சி அடுத்த மாசத்துலேர்ந்து எங்ககூட வந்துடறாங்க, ரொம்ப சந்தோஷம்” என்றார். போனை வைத்துவிட்டு அக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா.”

“வாயாலதான் சொல்லணும். வேற எதால சொல்லுவ?”

அதற்குப் பிறகு இருவரும் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை. வீட்டில் கூடப்பிறந்தவளோடு சண்டை போட்டவர்களுக்கு அது தெரியும். எங்கே குத்தினால் வலிக்கும் என்று அளவெடுத்து வைத்திருப்பவர்கள் போடுகிற சண்டை. கடைசியில் தங்கை கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். அவள் ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அதைத் திறந்ததும் இரண்டு வட்டங்கள் வரும். ஒன்றில் அக்கா பெயர், இன்னொன்றில் தங்கை பெயர். எங்கெங்கோ தேடி, தங்கையின் கணக்கை நீக்கும் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. நிச்சயமாகத்தான் என்றாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது அன்றைக்கு அவளுக்கு நினைவில்லை. அடுத்த முறை திறந்தபோது ஒரே ஒரு வட்டம்தான் வந்தது.

அந்த ஒரு வருஷத்தில் தங்கை செய்த வேலையையும் அவளே கற்றுக்கொண்டாள். வீடியோ பார்த்து, தப்புப் பண்ணி, காகிதச் சுருள்களை வீணாக்கிக் கற்றுக்கொண்டாள். வேலை குறையவில்லை. குறைந்தது சத்தம்தான். பிளாட்டர் ஓடும்போது தெரியாது. அது நின்றதும் அடுத்த அறை ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்கும். அதுவும் நின்றால் கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கவிழ்ப்பது கேட்கும். மத்தியானம் ஏதாவது போன் வந்து ‘ஹலோ’ என்பாள், குரல் கரகரவென்று வரும். அன்றைக்கு அவள் பேசுகிற முதல் வார்த்தை அதுதான் என்பது அப்போது உறைக்கும்.

இப்படியிருக்கையில் ஒரு குழந்தை ஜாக்கெட் ஆர்டர் வந்தது. தொப்பி வைத்தது, உள்துணி போட்டது, பாக்கெட்டுக்குள் பாக்கெட் வைத்தது. ஒவ்வொரு அளவுக்கும் துண்டுகள் மலைபோல் சேர்ந்தன. சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும், அங்கே துணி விரித்துக் காத்திருக்கிறார்கள். அக்கா முழுவதையும் முடித்துச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். இடமில்லை என்றது கம்ப்யூட்டர்.

வேண்டாததை எல்லாம் அழித்துப் பார்த்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட மாதிரிதான் இருந்தது. எது இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனபோது, ஒரு மூலையில் தங்கையின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. கணக்கை நீக்கியபோது இதுவும் தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். இது தொலையவில்லை. பாதி வீட்டை அடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தது.

அதைத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தாள். ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இந்த ஃபோல்டரில் மாற்றம் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை, இன்னாரிடம் அனுமதி வாங்குங்கள் என்றது. அந்த இன்னார் யார் என்ற இடத்தில் பெயருக்குப் பதில் எஸ் என்ற எழுத்தில் தொடங்கி நீளமாக ஒரு எண் இருந்தது. ‘மறுபடி முயற்சி செய்’ என்று ஒரு பொத்தான். முயற்சி செய்தாள். அதே பெட்டி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதே பெட்டி. திறந்தாவது பார்க்கலாம் என்று தட்டினால் அதற்கும் அனுமதி இல்லை என்றது.

“என் வீடு, என் மெஷின், என் கரண்டு. எனக்கு அனுமதி இல்லையாம்!” என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். பதில் சொல்ல ஆளில்லை.

தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவரைக் கூப்பிட்டாள். அவர் ஏறி வந்தார், மூச்சு வாங்கினார், தண்ணீர் குடித்தார், பெட்டியைப் படித்தார்.

“இந்த ஃபோல்டரை உருவாக்கினது யாரு?”

“என் தங்கச்சி.”

“அவங்க ஐடில உள்ள போய் அழிச்சிட்டா முடிஞ்சுது.”

“அந்த ஐடி இல்ல.”

“எங்க போச்சு?”

“நான்தான் எடுத்துட்டேன்.”

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். “சரிதான். அதுதான் பேருக்குப் பதில் நம்பர் வருது. ஆளை அனுப்பிட்டீங்க, அவங்க போட்ட பூட்டு இங்கயே இருக்கு. மெஷினைக் கொடுங்க, கடைக்குக் கொண்டுபோய் மொத்தமா துடைச்சுப் புதுசா போட்டுத் தரேன். நாளைக்கழிச்சு வந்துடும்.”

“சாயங்காலம் ஜாக்கெட் போகணும்.”

“அப்ப உங்க தங்கச்சியையே கேட்டுப் பாருங்க. எப்படிப் பூட்டினாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது கேள்விப்பட்ட கதை. இங்கே பூசாரியை விரட்டிவிட்டதும் அவளே.

போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மேசையைத் துடைத்தாள். கத்தரிக்கோல்களை ஆணியில் வரிசையாக மாட்டினாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரமாக இருக்கும் என்று பார்த்து, கடைசியில் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே கொஞ்சம் நிம்மதியும் வந்த சமயத்தில் தங்கை எடுத்தாள்.

“ஹலோ, யார் பேசறது?”

ஆபீஸ் குரல். அக்காவுக்குச் சுருக்கென்றது. எண்ணைக்கூட வைத்துக்கொள்ளவில்லையா?

“நான்தான்.”

அந்தப் பக்கம் தட்டுகளும் பேச்சும் கலந்த இரைச்சல் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துகிற ஓசை. இரைச்சல் அடங்கியது.

“அக்கா? என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. கம்ப்யூட்டர்தான் மக்கர் பண்ணுது.”

“ஓ.” கொஞ்சம் பொறுத்து, “போன வாரம் போன் தண்ணில விழுந்துடுச்சு. நம்பரெல்லாம் போச்சு. அதான் யாருன்னு தெரியல” என்றாள் தங்கை.

நிஜமோ பொய்யோ, அதைச் சொன்னதே போதும் என்று இருந்தது அக்காவுக்கு. விஷயத்தைச் சொன்னாள். இடமில்லை என்றது, ஃபோல்டர் அழிய மறுத்தது, அனுமதி கேட்பது, எண். தங்கை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“நான்தான் பூட்டினேன். நீ ஒரு தடவை என் ஃபைலையெல்லாம் இழுத்து எங்கயோ போட்டுட்ட, ஞாபகம் இருக்கா? ஒரு நாள் பூரா தேடினோம். அதுலேர்ந்து உன் கை படாம வச்சேன்.”

“நான் இழுக்கல. அதுவா போச்சு.”

“அதுவா போச்சு! சரி, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரு. ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணு. கடைசில ப்ராபர்டீஸ் இருக்கும்.”

“இருக்கு.”

“உள்ள செக்யூரிட்டினு மேல ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள கீழ, அட்வான்ஸ்டு.”

“மெதுவா சொல்லு, உன் வேகத்துக்கு என் கண்ணு ஓடாது. ம், வந்துட்டேன்.”

“மேல ஓனர்னு போட்டு, பக்கத்துல என்ன இருக்கு?”

“அதே நம்பர்தான். எஸ்ல ஆரம்பிக்குது.”

தங்கைக்கு அந்த நம்பரின் அர்த்தம் புரிந்துவிட்டது.

“என் அக்கவுண்ட்டை எடுத்துட்டியா?”

“ம்.”

“எப்ப?”

பொய் சொல்லியிருக்கலாம். போன மாசம், மெஷின் மெதுவாக ஓடியது, யாரோ எடுக்கச் சொன்னார்கள் என்று ஏதாவது. அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் வரவில்லை.

“நீ போன அன்னைக்கே.”

“அன்னைக்கேவா?”

“நீ தெருமுனை தாண்டியிருக்க மாட்ட.”

போனை வைத்துவிடுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவள் வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபீஸ் குரலுக்கும் வீட்டுக் குரலுக்கும் நடுவில் ஒரு குரலில் சொன்னாள்:

“நம்பருக்குப் பக்கத்துல சேஞ்ச்னு நீலமா இருக்கும். அதை அழுத்தி, உன் பேரை அடி. அடிச்சுட்டு செக் நேம்ஸ் கொடு. பேருக்கு அடில கோடு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“ஓகே கொடு. இப்ப ஓனர் பேருக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் வரும். அதுல டிக் போட மறந்துடாத. போடலேன்னா வெளி ஃபோல்டர் மட்டும்தான் உனக்கு வரும், உள்ள இருக்கறது எதுவும் வராது.”

அக்கா டிக் போட்டாள். ஃபைல்களின் பெயர்கள் திரையில் மடமடவென்று ஓடி மறைந்தன. பிறகு எல்லாவற்றையும் மூடித் திரும்பத் திறக்கச் சொன்னாள் தங்கை. உரிமையாளர் ஆனால் மட்டும் போதாதாம். என்னென்ன செய்யலாம் என்ற அனுமதியையும் தனக்குத்தானே எழுதிக்கொடுக்க வேண்டுமாம். ஆட் கொடு, உன் பேரைப் போடு, ஃபுல் கண்ட்ரோல் டிக் பண்ணு, உள்ளே இருப்பதற்கும் சேர்த்து மாற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு இடத்தில் அக்கா தப்பான கதவைத் தட்டினாள். இரண்டு முறையும் தங்கை திட்டாமல் திருப்பிக் கூட்டி வந்தாள். முன்னாட்களில் திட்டியிருப்பாள். அந்தத் திட்டு இல்லாதது அக்காவுக்கு என்னவோ போல் இருந்தது; விருந்தாளியிடம்தான் அப்படிப் பொறுமையாக இருப்பார்கள்.

“இப்ப திறந்து பாரு.”

ஃபோல்டர் திறந்தது. உள்ளே வரிசை வரிசையாக ஃபைல்கள். அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தாள்.

“பேண்ட் ஃபைனல். பேண்ட் ஃபைனல் நிஜமா. பேண்ட் இதுக்குமேல இல்ல. பேண்ட் அக்கா கத்தினதுக்கு அப்புறம். பேண்ட் அக்கா ரெண்டாவது தடவை கத்தினதுக்கு அப்புறம். என்னடி இது?”

அந்தப் பக்கம் தங்கை சிரித்தாள். தும்மல் மாதிரி மூக்கால் வெளியே வருகிற சிரிப்பு அது. அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. வெறும் அறையில் தன் சிரிப்பு அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“அந்த பேண்ட்ல இடுப்பு கடைசி வரைக்கும் சரியா வரல” என்றாள் தங்கை.

“நான் சொன்ன மாதிரி பண்ணியிருந்தா வந்திருக்கும்.”

“நீ சொன்ன மாதிரி பண்ணித்தான் வரல.”

இன்னும் கொஞ்சம் சண்டை போடலாம் என்று அக்காவுக்கு ஆசையாக இருந்தது. தங்கை நிறுத்திக்கொண்டாள்.

“சரி, அழி. எனக்கு நேரமாகுது.”

“உன் வேலை இதெல்லாம். நாலு வருஷ உழைப்பு. உனக்கு வேணும்னா எதுலயாவது போட்டு வைக்கறேன்.”

“எதுக்குக்கா? இங்க வேற சாஃப்ட்வேர். அதுல இது திறக்காது.”

“அப்படியா?”

“ஒண்ணும் வேண்டாம். அழிச்சிடு.”

அக்கா டெலிட் அழுத்தினாள். இந்த முறை யாரிடமும் கேட்கச் சொல்லவில்லை. பச்சைக் கோடு நகர்ந்தது. இவ்வளவு நேரம் முரண்டு பிடித்தது இப்படிச் சுலபமாகக் கரைந்துபோயிற்று. ஒருத்தி திரையில் பார்த்தாள், ஒருத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முடிகிற இடத்தில் கோடு நின்றது.

“ஒரு ஃபைல் மட்டும் போகல. வேற எதுலயோ திறந்திருக்காம்.”

“பிளாட்டர் ப்ரோக்ராம் பிடிச்சு வச்சிருக்கும். ரீஸ்டார்ட் பண்ணிட்டு உடனே அழி, போயிடும். பெல் அடிச்சாச்சு, நான் போறேன்கா.”

“சாப்பிட்டியா?” என்று அக்கா கேட்டபோது போன் துண்டிக்கப்பட்டிருந்தது.

தங்கை சொன்னபடியே ஆயிற்று. கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டதும் அந்த ஒற்றை ஃபைலும் ஃபோல்டரும் போய்விட்டன. அந்த இடத்தில் வெள்ளையாக இருந்தது. ஜாக்கெட் ஒரே தட்டில் சேமிக்கப்பட்டது. அனுப்பியதும் ஜாக்கெட் ஆர்டர் கொடுத்த கம்பெனியின் மேனேஜர், “சூப்பர்க்கா” என்று பதில் போட்டார். தங்கைக்கு அக்கா, ‘எல்லாம் போயிடுச்சு’ என்று எழுதி அனுப்பினாள். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. வேறு ஏதாவது வரும் என்று போனைத் திருப்பி வைக்காமல் பக்கத்திலேயே வைத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கீழே இறங்கிக் கடைக்குப் போனாள். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் சோப்பு ஒன்று வாங்கினாள். கடைக்காரியிடம், “கம்ப்யூட்டர்ல ஒரு பிரச்சினை, சரி பண்ணியாச்சு” என்றாள். கடைக்காரி, “நல்லதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினாள். வீட்டுக்கு வந்து, ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டாள். கூப்பிடுவதற்கு இருந்த ஒரே காரணத்தையும் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று தோன்றியது. இன்னொரு கோளாறு வந்திருக்கிறது என்று பொய்யாகக் கூப்பிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் மெஷின் மகராசியாக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் வேண்டிக்கொண்டதும் அதைத்தான்.

பத்துப் பதினைந்து நாள் அப்படியே போயிற்று. ஒரு பகல்வேளை போன் அடித்தது. தங்கை.

“அக்கா, உன் முதுகு அகலம் எவ்ளோ?”

நலமா என்று கேட்கவில்லை, ஹலோவும் இல்லை. அக்காவுக்கு அது பிடித்திருந்தது.

“எதுக்குடி?”

“இங்க அளவு பார்க்கற பொம்மை நேரா நிக்குது. எந்த மனுஷி அப்படி நிப்பா? உன்னை வச்சுத்தான எல்லாம் தச்சுப் பார்ப்போம். ரெண்டு தோளுக்கு நடுவுல உன் அளவு இருந்தா என் சட்டை உக்காந்துடும்.”

“இரு, அளந்து சொல்றேன்.”

போனை மேசையில் வைத்துவிட்டு டேப்பை எடுத்தாள். தோளுக்கு மேல் போட்டு இழுத்தாள். முனை நழுவியது. கண்ணாடி முன்னால் நின்று முதுகுப்பக்கம் கையை வளைத்துப் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை எட்டவில்லை. இரண்டையும் பிடித்தால் எண் தெரியவில்லை. ஊர் உலகத்து முதுகையெல்லாம் அளந்தவளுக்குத் தன் முதுகை அளக்க முடியவில்லை.

“என்னக்கா பண்ற?” என்றது போன்.

“தனியா அளக்க வரலடி. முதுகுக்கு இன்னொரு ஆள் வேணும்.”

“பழைய அளவு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. ஆனா இப்ப அது சரியா இருக்காது.”

“ஏன்?”

“ஏன்னா என்ன சொல்றது, சரியா இருக்காது, அவ்ளோதான்.”

அடுத்த விடுமுறை நாளில் தங்கை வந்தாள். கதவைத் தட்டிவிட்டு நின்றாள், முன்பெல்லாம் தட்டமாட்டாள். முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள், எதையும் தொடவில்லை. அக்கா திரும்பி நின்றாள். தங்கை டேப்பை முதுகில் வைத்து, விரலால் நீவி, எண்ணைப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள்.

“மெலிஞ்சுட்ட.”

“வயசாகுது.”

“சாப்பிடறியா, இல்லையா?”

“சாப்பிடறேன். பேசிக்கிட்டே சாப்பிட்டா கொஞ்சம் அதிகமா இறங்கும்.”

தங்கையின் கை முதுகிலேயே இருந்தது. டேப்பைப் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அக்கா திரும்பவில்லை, திரும்பினால் கையை எடுத்துவிடுவாள்.

டீ குடித்தார்கள். கம்பெனியைப் பற்றித் தங்கை கொஞ்சம் சொன்னாள். அங்கே சாப்பாட்டு அறையில் கூட்டம் ஜாஸ்தி, ஆனால் யாரும் யாரோடும் உட்காருவதில்லை என்றாள். திரும்பி வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. வந்துவிடு என்று அக்காவும் சொல்லவில்லை. இருவருக்கும் அது இனி நடக்காது என்று தெரியும். பஸ்ஸுக்கு நேரமானதும் தங்கை எழுந்தாள்.

“வரேன்கா.”

“பார்த்துப் போ.”

படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை அக்கா நின்றாள். பிறகு ஜன்னலுக்குப் போனாள். தங்கை தெருவில் வேகமாக நடந்தாள், முனையில் திரும்புவதற்கு முன்னால் நின்று மேலே பார்த்தாள். அக்கா கையை உயர்த்தினாள். அந்தத் தூரத்திலிருந்து அது தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.